ஏஜெண்ட் ஏறாத கப்பல்

திருப்பூர் பனியன் முதலாளி சென்னியப்பனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. ஆனாலும் சொகுசுக் கப்பலில் கொழும்பு போகிற ஆசை விடவில்லை. பயண இன்சூரன்ஸ் விற்க, கோட்டு சூட்டோடு ஏஜெண்ட் சுகந்தன் வந்து உட்கார்ந்தார்.

"எங்க பாலிசில எல்லாமே அடக்கமுங்க. எமனே வந்தாலும் கவலையில்லை."

காபி கொண்டுவந்த சமையல்காரி மாராத்தாள் சும்மா இருக்கவில்லை. "கடல்ல நெஞ்சு வலிச்சாலுமாங்க?"

ஏஜெண்ட் சிரித்தார். "அடுப்படிக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?"

முதலாளிக்கு மானம் போன மாதிரி இருந்தது. "பெருசாக் கேட்டயல்ல? அவரு காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஒரு ஓட்டையக் காட்டு. இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

எழுதப் படிக்கத் தெரியாத மாராத்தாள் பாலிசியில் ஓட்டையை எங்கே போய்த் தேடுவாள்? இருந்தாலும் குரலைக் குழைத்துக்கொண்டாள்.

"தப்புதானுங்க. ஏனுங்க சார், ஐயாவோட பெரிய பையன் வராததால ஒரு டிக்கெட் சும்மா கெடக்குது. நீங்களும் கூட வாங்களேன்."

"அட, ஆமா! வாங்க சார், உங்க பாலிசியும் சேத்து எல்லாம் என் செலவு" என்றார் முதலாளி உற்சாகமாக.

ஏஜெண்ட் பதறிப்போனார். "ஐயோ, எனக்கு பிரஷர் இருக்குதுங்க! நடுக்கடல்ல ஒண்ணு ஆச்சுன்னா, கரைக்குத் தூக்கிட்டு வர்ற ஹெலிகாப்டருக்கு யாருங்க காசு குடுப்பாங்க?"

"அப்ப எனக்கு மட்டும் யாரு குடுப்பாங்க?" என்றார் முதலாளி.

ஏஜெண்ட் நாக்கைக் கடித்துக்கொண்டார். காபி பாதிதான் காலியாகியிருந்தது.

அவரை அனுப்பிவிட்டு, ஹெலிகாப்டர் செலவும் தருகிற வேறொரு பாலிசியை எடுத்தார் முதலாளி. "உனக்கெப்படி மாராத்தா தெரிஞ்சுது?"

"எனக்கென்னங்க தெரியும்? தெரிஞ்சவரக் கப்பல்ல ஏறச் சொன்னேன், அவ்வளவுதானுங்க."