கோவில்பட்டி வரும்வரை

"என் கையெழுத்து மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா மேடம்?" என்று கேட்டார் மாசிலாமணி.

இருபது வருஷம் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் டாக்டராக இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் மயக்க மருந்துப் படிப்புக்கு வந்தவர். பாடம் சொல்லும் ரெஜினாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அது மாசிலாமணியை உறுத்தும்.

சோலைராஜனுக்கு நாளை பித்தப்பை ஆபரேஷன். காலை ஏழு மணிக்கே இவர் பார்த்து, மயக்கம் கொடுக்க 'ஃபிட்' என்று எழுதியாயிற்று. மாலை ஐந்துக்கு இந்தம்மா மறுபடி பார்க்க வேண்டுமாம். நாலு பேர் முன்னால் மட்டம் தட்டத்தான், வேறென்ன?

"மதியம் அவர் சாப்பிட்டதைப் பார்த்தீங்களா சார்?"

"அதை எதுக்குப் பார்க்கணும்?"

ரெஜினா வார்டுக்கு நடந்தார். நோயாளியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன வேலைண்ணே?"

"பஸ் கண்டக்டர்ம்மா. மதுரை டூ திருநெல்வேலி."

"ஊரெல்லாம் கூவிக் காட்டுங்க."

"திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி." கணீரென்று வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார்.

"இன்னொரு தடவை."

பொழுதுபோகாதவர் போலக் கேட்டுக்கொண்டே இருந்தார் ரெஜினா. மாசிலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏழாவது தடவை கோவில்பட்டி மூக்கு வழியாக வந்தது. பத்தாவதில் உதடு ஒட்டவில்லை. இமைகள் இறங்கிவிட்டன.

மாசிலாமணி சட்டென்று குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தார்.

சாராய வாடை இல்லை. கஞ்சி வாடைதான்.

"மதியம் சோத்தை மெல்ல முடியாம கஞ்சிதான் குடிச்சார். வேலை செய்யச் செய்யச் சோர்ந்துபோற தசை," என்றார் ரெஜினா. "தசையைத் தளர்த்துற ஊசியை நாளைக்கு வழக்கமான அளவு போட்டிருந்தா?"

மாசிலாமணி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்திருக்கும். தொண்டையில் செருகிய மூச்சுக் குழாயை எடுத்த பிறகு மூச்சை இழுக்க இந்த மனிதருக்குத் தெம்பு இருந்திருக்காது. கொன்றிருப்பேனே என்று பயந்தார். அந்தப் பயம் அப்படியே கோபமாகி நோயாளி மேல் திரும்பியது.

"காலையில ஏன்யா சொல்லலை?"

கொஞ்சம் இளைப்பாறியதும் சோலைராஜனுக்குப் பேச்சு திரும்பியது.

"சாயங்காலமானா நாக்குக் குழறுது சார். டிப்போவுல குடிகாரன்னு பேராகிப்போச்சு. உங்ககிட்ட சொல்லிரணும்னுதான் வாயைத் திறந்தேன்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள, 'குடிப்பியா'ன்னு கேட்டீங்க."