ஒலிக்காத சுரம்

அந்தச் சனிக்கிழமை மங்கையர்க்கரசி பியானோவின் முன் உட்காரவில்லை. சுவரோரம் கிடந்த நாற்காலியில் அமர்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாஸ்டர், இத்தோட நிறுத்திக்கிடலாம்னு பாக்கேன்."

நவமணி மாஸ்டர் ஏன் என்று கேட்கவில்லை. காலையிலிருந்து பதினோரு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து அவருக்கும் குரல் கம்மியிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

அவருக்கு நாற்பது வயது. அவளுக்கு ஐம்பத்து மூன்று. அவர் பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயத்தில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிப்பவர். அவள் தூரத்தில் ஒரு சிறிய ஊரின் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சர். எட்டு வருடங்களாகச் சனிக்கிழமை மதியம் இரண்டு பேருந்து மாறி வந்து அவரிடம் கற்றுக்கொள்கிறாள். வயதில் இளையவர் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பியானோ மேல் அவளுக்கு ஆசை வந்தது ஒரு கண் ஆஸ்பத்திரியில். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அரைமணி நேரம் மூடியபடி இருக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கோ ஒரு ஸ்பீக்கரில் பியானோ ஒலித்தது. மெதுவான இசை. நூற்றெண்பது வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் ஒருவர் எழுதிய, நாக்டர்ன் எனப்படும் இரவிசை என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று தெரிந்தது ஒன்றுதான். எழுந்து போகத் தோன்றவில்லை. கண்ணைத் திறக்கலாம் என்று நர்ஸ் சொன்ன பிறகும் மூடியே இருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மின் பியானோ வாங்கினாள். அலுவலகம் போகும் முன் தினமும் விடியலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தாள். பரீட்சை எழுதலாம் என்று மாஸ்டர் ஒருமுறை சொன்னார். வேண்டாம் என்றாள். கிறிஸ்துமஸ் விழாவில் வாசிக்கலாம் என்றார். அதுவும் வேண்டாம். தனக்காக மட்டும், தன் சந்தோஷத்துக்காக மட்டும் என்று அப்போதே சொல்லிவிட்டாள்.

இப்போது அந்தச் சந்தோஷத்தைப் பற்றித்தான் சொன்னாள். எட்டு வருடம் ஆயிற்று. எந்தப் பாட்டை வைத்தாலும் விரல் தடுமாறுவதில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் வந்தது திரும்ப வரவே இல்லை. வாசித்து முடித்தால், ஒரு நாள் வேலையை முடித்த மாதிரித் தோள்தான் வலிக்கிறது.

"தப்பில்லாம வாசிக்கேன், மாஸ்டர். ஆனா எனக்குள்ள ஒண்ணுமே ஆகல."

 மாஸ்டர் அவளைப் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். போவதற்கு முன் அந்த இரவிசையை ஒரே ஒருமுறை வாசித்துவிட்டுப் போகட்டும் என்றார்.

முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து அவள் உட்கார்ந்தாள். வாசித்தாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். வலதுகை மேலே மேலே ஏறிப்போய், ஒரு சுரத்தில் நின்று, அங்கிருந்து இறங்கும் இடம். பாட்டு முழுவதும் அந்த ஒரு சுரத்தை நோக்கித்தான் போகும் என்று மாஸ்டர் பல தடவை சொல்லியிருக்கிறார். அதையும் கடந்து, கடைசி வரி வரைக்கும் எங்கும் நிற்காமல் வாசித்து முடித்தாள்.

"தப்பு இருந்துச்சா?"

"விரல்ல இல்ல."

அவர் எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, உச்சியில் இருந்த அந்த ஒரு கட்டையை அழுத்தினார். சுரம் எழவில்லை. மரத்தில் விரல் முட்டிய மாதிரி ஒரு மொட்டைச் சத்தம்.

மங்கையர்க்கரசி அதைத் தானும் அழுத்திப் பார்த்தாள். அதே சத்தம்.

"இது எப்ப கெட்டுப்போச்சு?"

மாஸ்டர் பியானோவின் மேல்மூடியைத் தூக்கினார். உள்ளே கம்பிகளுக்கு நடுவில், நாலாக மடித்த கைக்குட்டை ஒன்று செருகியிருந்தது. அவள் முகம் கழுவப் போனபோது செருகியதாகச் சொன்னார். உருவி எடுத்துவிட்டுக் கட்டையை மறுபடி அழுத்தினார். இப்போது அது ஒலித்தது. வெகுநேரம் ஒலித்து, ஓய்ந்தது.

"யாருக்காக வாசிச்சீங்க, அக்கா?"

"எனக்காக."

"நீங்க கேக்கலையே."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது.   கட்டைகளின் மேல் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு, யாரிடமோ சொல்வது போல மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். அப்போது வேறொரு ஊர். சாட்சிக் கூண்டில் ஒரு அம்மா நின்றிருந்தாள். பத்து வயது மகளைப் பறிகொடுத்தவள். செத்தது உன் மகள்தான் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். அந்த அம்மா, காலைப் பார்த்துத் தெரிந்தது என்றாள். ஒரு காலில்தான் கொலுசு கிடந்தது. திருகாணி கழன்ற மற்றொன்றை அன்று காலையில் தான்தான் கழற்றி, பற்றவைக்க ஆசாரியிடம் கொடுத்திருந்ததாகச் சொன்னாள். சாயங்காலம் வாங்கித் தருகிறேன், ஒற்றைக் கொலுசோடு பள்ளிக்கூடம் போ என்று சொல்லி அனுப்பினாளாம். போகமாட்டேன் என்று அழுததாம் பிள்ளை.

"நீதிபதி அதை ஒரே வரியாச் சுருக்கி எனக்குச் சொன்னாரு. 'உடலைப் பார்த்து என் மகள் என்று அடையாளம் காட்டினேன்.' அதைத்தான் நான் அடிக்கணும். மத்ததெல்லாம் வழக்குக்கு வேண்டாதது. எனக்குக் கை ஓடல. கோர்ட்டே என்னையப் பாக்குது."

மத்தியானச் சாப்பாட்டின்போது, கூட வேலைபார்த்த பெரியவர் ஒருவர் தன்மையாகத்தான் சொன்னார். காதில் வாங்காதே, கையில் வாங்கு, இல்லையென்றால் இந்த வேலையில் இருக்க முடியாது என்று. அவர் சொன்னது சரிதான் என்றாள் மங்கையர்க்கரசி. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அதற்குப் பிறகு முப்பது வருடம். எத்தனை கொலை, எத்தனை தீக்குளிப்பு. எல்லாம் விரல் வழியாக வந்து விரல் வழியாகவே போய்விட்டன. ஒரு எழுத்துப் பிழை என்று யாரும் அவளைச் சொன்னதில்லை.

"கெட்டது மட்டுமில்ல, நல்லா இருக்கதும் அப்படியே விரல் வழியாத்தான் போயிருக்கு போல" என்றாள்.

 வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தி, அடுத்த வகுப்பு உண்டா என்று கேட்டார்கள். இன்று இல்லை என்று மாஸ்டர் அனுப்பிவிட்டு வந்தார். இடதுகையை எடுத்துவிட்டு, வலதுகையால் மட்டும், முதல் வரியை மட்டும் வாசிக்கச் சொன்னார். ஒரு சுரம் ஓயும்வரை அடுத்ததைத் தொட வேண்டாம் என்றார்.

அவள் முதல் கட்டையை அழுத்தினாள். காத்திருந்தாள். இரண்டாவது. மூன்றாவது. இத்தனை நாள் ஒரு மூச்சில் கடந்துபோன வரி அது. நான்காவது சுரம் முந்தையதைவிடத் தாழ்ந்து இறங்கியது. அது இறங்குகிறது என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில், மூடிய கண்ணுக்குள் கேட்டது இதுதான்.  ஐந்தாவது சுரத்துக்குப் போன விரல் பாதியில் நின்றது.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா?"

"அந்த அம்மா குரல் கேக்கு."

மாஸ்டர் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நான் சந்தோஷத்துக்குத்தானே வந்தேன், மாஸ்டர். இதைக் கேக்க ஆரம்பிச்சா அதெல்லாம் சேந்து கேட்டுரும். இந்த வயசுல அதை வச்சு நான் என்ன செய்ய?"

"அந்த அம்மா சொன்னதை அன்னைக்கு யாரும் எழுதிக்கிடலைன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஒருத்தராவது கேக்கட்டுமே, அக்கா."