ஆடாத தோணி

கொள்ளிடக் கரையில் ஒரு ஜமீன்தார். வாத்து வேட்டைக்குப் போகாத நாளும் இல்லை, வாத்தோடு திரும்பிய நாளும் இல்லை. அவரை ஏற்றிப் போவது தோணிக்காரன் மருதையின் தட்டைத் தோணி. சுற்றிலும் நாணலைச் செருகிவிட்டால் வாத்துகள் அதையும் ஒரு புதர் என்று நம்பிப் பக்கத்திலேயே மேயும்.

அன்று சம்பந்தியும் கூட வந்திருந்தார். குண்டெல்லாம் ஆற்றுக்குத்தான் போயிற்று.

"தோணி ஆடுதுடா," என்றார் ஜமீன்தார். "நாளைக்கு ஆடாத தோணி கொண்டா. இல்லேன்னா இதைப் பொளந்து வெந்நீர் அடுப்புல போட்டுடுவேன்."

"கொண்டாறேங்க. ஆடலைன்னா?"

"கேட்டதைத் தர்றேன்."

மறுநாள் விடியலில் அதே தோணி வந்தது. இருவரையும் ஏற்றி, நாணல் ஓரமாகக் கழி ஊன்றிப் போய் மெதுவாக நிறுத்தினான் மருதை. ஜமீன்தார் சுட்டார். ஒரு இறகுகூட உதிரவில்லை.

"மறுபடியும் ஆடிடுச்சு. பார்த்தீங்கல்ல சம்பந்தி?"

"நல்லாவே ஆடிச்சு," என்றார் அவர், மரியாதைக்கு.

மருதை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. தோணியை ஒருமுறை சுற்றி வந்தான்.

"எசமான், தோணி மணல்திட்டு மேல உட்கார்ந்திருக்குங்க. நாலு பேர் தள்ளினாலும் அசையாது."

சம்பந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜமீன்தாருக்கும்தான்.

"சரிடா, என்ன வேணும்? கேளு."

"இனிமே குறி தப்பினா தோணியைத் திட்டாதீங்க எசமான். வாத்தைத் திட்டுங்க. அதுங்க ஒண்ணும் நினைச்சுக்காது."