கம்பளியும் மூன்று வண்டுகளும்

ஆட்டுக்கார மல்லாண்டிக்கு முதலில் தீங்கு செய்தவர் சபைப் பண்டிதர் அம்பலவாணர்தான். அந்தக் காலத்தில் செங்காட்டு நாட்டை, நினைத்தால் சிரித்து நினைத்தால் சீறும் குமராதித்தன் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஒரு மழைநாளில் வழியில் அகப்பட்டுக்கொண்ட பண்டிதர், "நாளை தருகிறேன்" என்று மல்லாண்டியின் கம்பளியை வாங்கிப் போர்த்திக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இரண்டு ஐப்பசி மழையில் மல்லாண்டி நனைந்தாயிற்று. கம்பளி வரவில்லை.

மூன்றாம் ஐப்பசி நெருங்கும்போது ராஜாவுக்கு வண்டுப் பித்துப் பிடித்தது. அதைக் கேள்விப்பட்டு, மடியில் ஒரு சாணிவண்டோடு மல்லாண்டி சபைக்குப் போனான். அங்கே பண்டிதர் குளத்து நீர்வண்டு ஒன்றைக் கிண்ணத்தில் விட்டு, "வண்டுகளில் இதற்கு மிஞ்சியது இல்லை" என்று அளந்துகொண்டிருந்தார்.

"என் வண்டை மிஞ்சுமா, சாமி?"

"சாணியைத் தூக்கிக்கொண்டு சபைக்கே வந்துவிட்டாயா! தோற்றால் கம்பளிப் பேச்சையே எடுக்கக்கூடாது."

"எடுக்கலை. செயிச்சா?"

"கம்பளி உன்னுடையது."

"அது எப்பவும் என்னுதுதான், சாமி."

பண்டிதர் சாணிவண்டைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டார். அது மல்லாந்து தத்தளித்தது. நீர்வண்டோ இறக்கைக்கடியில் ஒரு குமிழிக் காற்றை அடக்கிக்கொண்டு அடிக்குப் போனது. ராஜா கிண்ணத்துக்குள் மூக்கை விட்டார். "அட, மூச்சை மூட்டை கட்டிக்கொண்டு போகிறதே!"

மல்லாண்டி இரண்டையும் எடுத்து முற்றத்து மண்ணில் விட்டான். சாணிவண்டு அரம் போன்ற முன்னங்கால்களால் பறித்துப் பாதி உடம்பைப் புதைத்துவிட்டது. நீர்வண்டு பின்னங்கால்களைச் சேர்த்துச் சேர்த்து வலித்து, இருந்த இடத்திலேயே சுற்றியது.

"தரையில் துடுப்புப் போடுகிறதே!" என்று ராஜா கைகொட்டினார்.

"இது அநியாயம், மன்னா! தண்ணீரில் இருக்க வேண்டியதைத் தரையில் போட்டால் என்ன செய்யும்? அதது அதனதன் இடத்தில்தானே உதவும்!" என்று பண்டிதர் கத்தினார்.

"அதைச் சொல்லத்தான் சாமி நானும் வந்தேன். மழையிலே இருக்க வேண்டிய கம்பளி உங்க வீட்டு மூலையிலே என்ன செய்யுது?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். உடனே ஆள் போய்க் கம்பளியைக் கொண்டுவந்தான். விரித்தால் சல்லடை! கடுகளவு வண்டு ஒன்று அதிலிருந்து உதிர்ந்தது.

"இது எந்த இடத்து வண்டு?" என்று ராஜா குனிந்தார்.

"பெரிய வீட்டு வண்டு, மகாராசா. நீந்தாது, மண்ணும் பறிக்காது. அடுத்தவன் பொருள் மேலே உக்காந்து தின்னும்."

சபை மொத்தமும் பண்டிதரைப் பார்த்தது. ராஜா தம் பட்டுச் சால்வையை எடுத்து மல்லாண்டிக்குப் போர்த்தினார். "புதுக் கம்பளி உம் பொறுப்பு, பண்டிதரே!"

பண்டிதர் தலை நிமிரவில்லை. "நாளை தருகிறேன், மன்னா."

ஐப்பசி பிறந்தது. மேய்ச்சல் காட்டில் அடைமழை. பட்டுச் சால்வை முதுகோடு ஒட்டிக்கொள்ள, மல்லாண்டி மேட்டில் நின்று பண்டிதர் வீட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.