கம்பு வேர் மண்ணை விடாதது ஏன்?

அந்தக் காலத்தில் பயிர்களுக்கும் வாய் இருந்தது, மண்ணுக்குள் ஊர்கிறவற்றுக்கும் வாய் இருந்தது. மனிதர்களுக்கு மட்டும் அந்தப் பேச்சு கேட்காது. அப்போதெல்லாம் கம்பை வேரோடு பிடுங்கினால், வேர் கழுவி எடுத்த நூல் மாதிரி வெள்ளையாக வரும். ஒரு பொட்டு மண் ஒட்டியிருக்காது.

சுத்தம் என்று கம்பு வெளியே பீற்றிக்கொள்ளும். உள்ளுக்குள் அது பயம். முன்பு ஒருமுறை கண்ணுக்குத் தெரியாத வேரழுகல் மண்வழியே வந்து, கம்புக் கூட்டத்தையே சாய்த்துவிட்டுப் போயிருந்தது. அதிலிருந்து கம்புச் சாதி முழுவதும் வேரின் வாசல்களை இறுக அடைத்துக்கொண்டுதான் வாழ்ந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே!

ஒச்சம்மாளும் அவள் புருஷன் சடைச்சாமியும் மானாவாரிக் காட்டில் கம்பு விதைத்து, ஊடே தட்டாம்பயறு போட்டிருந்தார்கள். கதிர் வெளியே தலைகாட்டும் நேரத்தில் மழை நின்றுவிட்டது. தினமும் காலையில் ஒச்சம்மாள் வருவாள். ஒரு கம்பைப் பிடுங்குவாள், வேரில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள், வரப்பில் வீசுவாள். இன்றைக்கு யார் தலைமேல் கை விழுமோ என்று காடே நடுங்கும். கிழக்கு ஓரத்தில் நின்ற கம்புக்கு நடுக்கம் கொஞ்சம் அதிகம். அவள் வருகிற பாதை அதன் பக்கத்தில்தான் இருந்தது.

அன்றைக்கு அதற்கு அடுத்த கம்பு போயிற்று.

"வேரு சருகாட்டம் கெடக்கு. நாளைக்கும் ஒண்ணப் புடுங்கிப் பாப்பேன். ஈரம் இல்லேன்னா மாட்ட அவுத்து விட்ருங்க. பச்சை இருக்கையிலயே அதுகளாச்சும் திங்கட்டும்" என்றாள் ஒச்சம்மாள்.

"கதிரு வர்ற நேரத்துலயா? புள்ளைகளுக்கு என்னத்தக் கரைச்சுக் குடுப்ப?" என்றான் சடைச்சாமி.

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படிக் காஞ்சுபோய் நிக்கேன்?"

அவர்கள் போனதும் ஓரத்துக் கம்பு பக்கத்தில் படர்ந்திருந்த தட்டாம்பயறைப் பார்த்தது. மழையில்லாத இந்தக் காய்ச்சலிலும் அது ஓரளவு பச்சையாகவே இருந்தது.

"அக்கா, உனக்கு மட்டும் எப்படி?"

"நான் பொடிசுகளுக்கு வேர்லயே வீடு கட்டிக் குடுத்திருக்கேன். நான் சோறு போடுறேன், அதுக எனக்கு உரம் பண்ணுதுக. நீதான் கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்கியே."

பொடிசுகள் என்றால் மண்ணுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். ஒரு சிட்டிகை மண்ணில் ஊர்த் திருவிழாக் கூட்டம் இருக்கும். பேச்சைக் கேட்டு அவை கம்பின் வேரடியில் வந்து மொய்த்தன.

"கடைசியாப் பெஞ்ச மழையோட ஈரம் அடியில கொஞ்சம் இருக்கு. அதப் பிடிச்சு வைக்கத்தான் எங்களுக்குத் தெம்பில்ல. ஒரு வாய் இனிப்புக் குடு, மண்ணப் பசையாக்கி வேரச் சுத்தி ஒட்டித் தாறோம்" என்றன.

"நீங்க வேரழுகலோட ஆளுக இல்லேன்னு என்ன நிச்சயம்?"

பொடிசுகளில் ஒன்று சொன்னது: "நிச்சயம் ஒண்ணும் இல்ல. நீ திறந்தா நாங்களும் வருவோம், அவனும் வரலாம். இனிப்ப மோந்துபாத்து வர்றவங்கதானே எல்லாரும்."

பொய் சொல்லியிருந்தால்கூடக் கம்புக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நானாக இருந்தால் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு இன்னொரு தாழ்ப்பாளும் போட்டிருப்பேன். கம்பும் அதைத்தான் நினைத்தது. வெயில் உச்சிக்கு ஏறி, சாயத் தொடங்கியது. திறந்தால் அழுகல் வரலாம், திறக்காவிட்டால் காலையில் மாடு வரும். உள்ளே கதிர் முட்டிக்கொண்டு இருந்தது. பொடிசுகள் கேட்டது அதற்காகச் சேர்த்து வைத்த இனிப்பைத்தான், வேறு கையிருப்பு இல்லை.

பொழுது சாயும்போது கம்பு கண்ணை மூடிக்கொண்டு வேர்நுனியைத் திறந்தது. ஒரு சொட்டு விட்டது. நடுங்கிக்கொண்டே இன்னொரு சொட்டு. அதைப் பார்த்து அடுத்த கம்பு திறந்தது, பிறகு வரிசை வரிசையாகக் காடு முழுவதும் திறந்தது. வேரெல்லாம் குறுகுறுத்தது. அது பசையா, அழுகலா என்று ஒரு கம்புக்கும் தெரியவில்லை.

காலையில் சடைச்சாமி மாடுகளோடு வந்து வரப்பில் நின்றான். ஒச்சம்மாள் பாதையோரம் குனிந்தாள். அவள் கை ஓரத்துக் கம்பின் தூரைத்தான் பிடித்தது.

ஒரே இழுப்பு. வேரோடு மண்ணும் வந்தது. உதறினாள், விழவில்லை. வேர் ஒவ்வொன்றும் மண்ணாலேயே சட்டை போட்டிருந்தது. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், குளிர்ந்தது.

"மாட்டப் பிடிங்க! அவுக்காதீங்க!" என்று கத்தினாள். கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது.

வழக்கம்போல வீசிவிடக் கை ஓங்கியவள், என்ன நினைத்தாளோ, அதே குழியில் கம்பை வைத்து மண்ணை அணைத்தாள். இரண்டு நாள் அது தலை தொங்கிக் கிடந்தது, பிறகு நிமிர்ந்தது. கதிர் சிறுசுதான். மேற்கே பத்துப் பன்னிரண்டு கம்பு வேரழுகி விழுந்தன. பொடிசுகள் சொன்னபடியே அவனும் வந்திருந்தான். மற்றதெல்லாம் மணி பிடித்தது.

அன்று முதல்தான் கம்பும் சோளமும் கேழ்வரகும், வரப்போவது உறவா எமனா என்று தெரியாமலேயே தங்கள் இனிப்பைச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் விடுகின்றன. பிடுங்கினால் மண்ணும் வேரை விடாமல் கூடவே வருகிறது.