தாத்தா போன கார்

துரைசிங் முதலாளி வாங்கிய பழைய காரில்தான் அவர் தாத்தா கல்யாண ஊர்வலம் போனாராம். “அன்னைக்கிருந்த நிறத்தைக் கண்டுபிடிச்சு அப்படியே அடிலே. பிசகுச்சோ, தொலைச்சுப்புடுவேன்!” என்று பெயின்டர் சவரியானை விரட்டினார்.

சவரியான் சுரண்டிப் பார்த்தான். சிவப்புக்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் கறுப்பு. கறுப்பையே அடித்தான்.

காரைப் பார்க்க வந்த விருந்தாளிகள் முன்னால் முதலாளி குதித்தார். “ஏலே, கல்யாணக் காருக்குக் கறுப்பா? எங்க தாத்தா இதுல போகலைங்கியா?”

“போயிருப்பாக மொதலாளி. திரும்பி வந்திருக்க மாட்டாக” என்று பின்சீட்டைத் தூக்கிக் காட்டினான். அடியில், சவப்பெட்டியை உள்ளே தள்ளுவதற்கான உருளைகள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளே முதலாளி காரைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று சவரியானுக்கு மனசு அடித்துக்கொண்டது.

எத்தனையோ பேரைக் கடைசியாகச் சுமந்த வண்டி கயிற்றில் இழுபட்டுப் போனது. அதன் பின்னால் நடந்து போனவன் அவன் ஒருவன்தான்.