கீழ்வீட்டுச் சுவர்

“தூக்கமே வரமாட்டேங்குது அம்மா” என்றார் தணிகாசலம்.

மடத்தம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். “எத்தனை நாளா?”

“மழை பிடிச்ச நாள்லேர்ந்து.”

தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு வயது. மடத்தம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனாலும் ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றின் மேல் இருக்கிற அந்த மடத்துக்குத் திங்கட்கிழமை தவறாமல் ஏறி வந்து, அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஊரில் யாருக்கும் அடங்காத மனிதர். இங்கே மட்டும் பெட்டிப்பாம்பு.

கரட்டிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். ஏரிக்குக் கீழே ஊர். ஏரி நிரம்பினால் எந்தப் பக்கம் வழியுமோ, சரியாக அந்தத் தாழ்வில் அவருடைய தெரு. ஆறு வருஷத்துக்கு முன் ஒருமுறை வழிந்தது. தெருவே நான்கு நாள் இந்த மடத்தில்தான் கஞ்சி குடித்தது.

“மறுபடியும் தண்ணி வந்துடுமோன்னு பயமா இருக்கு. ஏரி இப்பவே முக்கால் நிறைஞ்சிருச்சு.”

“நீங்க எங்க படுக்கிறீங்க?”

“மாடியில.”

“மாடிக்குத் தண்ணி வருமா?”

“வராது.”

“அப்புறம் என்ன பயம்?”

 

தன் கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி அவர் மடத்தம்மாவிடம் மூச்சு விட்டதில்லை. ஆடி கழியட்டும் என்று காத்திருந்து ஆவணியில் குடிவந்தவர்கள். மழையைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிற ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். கணவனுக்கு பஸ் டெப்போவில் வேலை. மனைவி இலக்கியா, கைக்குழந்தைக்காரி. வீடு பார்க்க வந்த அன்று, எல்லாரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

“தண்ணி வசதியெல்லாம் எப்படிங்க ஐயா?”

“அதுக்குக் குறையே இல்லம்மா” என்றார் அவர்.

வெள்ளத்துக்குப் பிறகு பூட்டியே கிடந்த வீடு அது. வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோட்டின் மேல் அதற்கு முந்தின வாரம்தான் பெயிண்ட் அடித்திருந்தார். ஒரு தடவை அடித்தும் கோடு தெரிந்தது. இரண்டாம் தடவையும் தெரிந்தது. மூன்றாம் தடவையில்தான் அடங்கியது. அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. தெருவில் எல்லாரும் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்து, வெள்ளமே வராத தெருவாக ஆக்கி வைத்திருந்தார்கள். கோடு தெரிகிற வீட்டுக்கு யார் குடிவருவார்கள்?

“ஏதாவது மந்திரிச்சுக் குடுங்கம்மா. வாசல்ல கட்டுறேன்.”

மடத்தம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒரு கரித்துண்டோடு திரும்பி வந்தாள்.

“போன தடவை தண்ணி எங்க நின்னுச்சோ, அங்க ஒரு கோடு போடுங்க.”

“போட்டா?”

“தூக்கம் வரும்.”

தணிகாசலம் வீட்டுக்குப் போனார். கொல்லை மதிலில், வாழைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து ஒரு கோடு போட்டார்.

தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் விடியாததுமாகக் கரடு ஏறினார். ஏரியின் படிக்கட்டில் இன்னும் இரண்டு படி முங்கியிருந்தது. 

“போட்டேம்மா. ஒண்ணும் நடக்கல.”

“எங்க போட்டீங்க?”

“கொல்லை மதில்ல.”

“தண்ணி கொல்லையோட திரும்பிப் போயிடுச்சா?”

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “வீட்டுக்குள்ள எப்படிப் போடுறது? அங்க ஆள் குடியிருக்கு!”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

மடத்தம்மா உள்ளே போய் இன்னொரு கரித்துண்டை எடுத்து வந்து கொடுத்தாள். இது முன்னதைவிடப் பெரிசு.

கீழ்வீட்டுக் கதவை இலக்கியா திறந்தாள். “வாங்க ஐயா. மெதுவா, இப்பத்தான் தூங்குது.”

ஹால் நடுவில், கூரைக் கொக்கியில், பழைய சேலையில் தூளி தொங்கியது.

“மடத்தம்மா ஒரு கோடு போடச் சொன்னாங்க.”

“பரிகாரமா? தாராளமாப் போடுங்க ஐயா. எங்க நல்லதுக்குத்தானே சொல்லியிருப்பாங்க.”

நாலு வசவு வாங்கியிருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது.

சுவரோரம் போனார். இடத்தைத் தேட வேண்டியதே இல்லை. மூன்று தடவை பெயிண்ட் அடித்த கைக்குத் தெரியாதா? கரியை வைத்து இழுத்தார். மூலையில் திரும்பி, அடுத்த சுவரிலும் இழுத்தார். 

இலக்கியா விளையாட்டாகக் கோட்டின் பக்கத்தில் போய் நின்றாள். “என் கழுத்து வரைக்கும் வருது!” என்று சிரித்தாள். “என்ன கோடு ஐயா இது?”

“ஏரி” என்றார் தணிகாசலம்.

அவளுக்குப் புரியவில்லை.

“ஆறு வருஷம் முந்தி, இதே ஐப்பசியில, தண்ணி இங்க நின்னுச்சு தாயி. நான் உன்கிட்டச் சொல்லல.”

அவள் கோட்டைப் பார்த்தாள். பிறகு தூளியைப் பார்த்தாள். தூளியின் அடி அவள் முழங்காலுக்குத்தான் தொங்கியது. வெளியே மழை வலுத்தது.

திட்டுவாள் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார்.

அவள் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். ஒற்றைக் கையால் தூளியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“மாடியில கொக்கி இருக்கா?” ஐயா என்று சேர்க்கவில்லை.

“இருக்கு தாயி. என் கட்டிலுக்கு நேர் மேல.”

கட்டிலை நகர்த்துவதற்காக அவர் முன்னால் படியேறினார்.